நாலாம் விரல்

2024 ஆகஸ்ட் 17ஆம் திகதி சனிக்கிழமை காலை மாத்தளை ஆஸ்பத்திரியில் ரபாயேல் இறந்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மாத்தளை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று பகல் அவருடைய மனைவி மரிய கொறற்றி அலுமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து காலுறை தேடிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டும் அயன் பண்ணிய வெள்ளைச் சட்டையும் கட்டிலில் கிடந்தன. இதுவரை மூன்று காலுறைகள் கிடைத்திருந்தன, மூன்றும் வெவ்வேறு நிறம். வேலையை விட்ட நாளிலிருந்து ரபாயேல் பூசைக்குக்கூடச் செருப்போடுதான் போனார். துணிகளை எடுத்துப் போக வந்த பக்கத்து வீட்டு பஸீர் நானா வேனை வாசலில் நிறுத்திவிட்டு, அவசரமில்லை என்று சொன்னபடியே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

கைபேசி அடித்தது. உடலைத் தயார்படுத்தும் மலர்ச்சாலைக்காரர்.

"சொக்ஸ் இல்லாட்டி விடுங்க அக்கா, நாங்களே போடுறோம். கையுறையும் நம்மகிட்ட இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. ஐயாவோட இடது கை விரல்கள்ல நம்பர் எழுதியிருக்கு. ஆஸ்பத்திரியில எழுதுனாங்களா?"

"இல்ல."

"ஸ்பிரிட் போட்டுத் தேச்சோம். லேசாத் தெரியுது. கையுறைக்குள்ள போயிரும், யாருக்கும் விளங்காது."

"தேய்க்காதீங்க" என்றாள் கொறற்றி. "இருக்கட்டும்."

அந்த எண்களை எழுதியது அவள்தான். துணியில் அடையாளம் போடும் பேனாவால் புதன்கிழமை பின்னேரம் எழுதினாள். சலவைக்குப் போனாலும் அழியாத மை என்பதை நாற்பது வருடம் பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்டுவிரலில் ஐந்து, மோதிர விரலில் நான்கு, அப்படியே பெருவிரல் வரை. நான்கை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை அழுத்தி எழுதியிருந்தாள்.

முன்னறையில் மகள் லக்ஷிகா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். குருநாகலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமைதான் வந்தாள். வந்ததிலிருந்து ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறாள். அப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், பேச்சுக் குழறியதா, நடை எப்படி இருந்தது. கேட்கும் தோரணையில் கண்ணீர் இல்லை. வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். பஸீர் நானாவும் தப்பவில்லை.

"மனுசன் நல்லாத்தான் ஈந்தாரு மகள்" என்றார் அவர். "புதன்கிழமையும் நம்மட கடைக்கு வந்து, செவுத்து ஓர்லோசு நாலு நிமிசம் பிந்தி ஓடுது நானா, பார்த்து வைங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. முப்பது வருசமா எனக்கு அந்தக் கரச்சல் ஈக்கி."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

கொறற்றி துணிகளைப் பையில் போட்டுக் கொடுத்தாள். வேன் போனது. அவள் உட்காரவில்லை. கதிரைகளை எண்ணினாள், எண்ணியது மறந்து மறுபடி எண்ணினாள். குசினிக்குள் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். அறையின் மூலையில் துவாய் போர்த்தியபடி கீபோர்டு இருந்தது. அதன் முன்னே இரண்டு முக்காலிகள். அவற்றில் ஒன்றை எடுத்துப் போய்ப் பின்வாசலில் வைத்தாள். பிறகு பழையபடி கொண்டுவந்து வைத்தாள்.

போன வருடம் கோயிலில் ஓர்கன் வாசித்த இளைஞன் இத்தாலிக்குப் போய்விட்டான். வயது வித்தியாசமில்லாமல் யாரும் வந்து பழகலாம் என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறில் டியூஷன், அதனால் வந்தவர்கள் எல்லோரும் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள். ரபாயேலும் கொறற்றியும் சேர்த்து எட்டுப் பேர். இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வரும் தேவசகாயம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வீட்டில் கீபோர்டு இல்லாததால் ஒரு பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வரைந்து அதில் பழகுவார். சத்தமே வராததால் தவறும் தெரியாது என்பது அவருடைய பெருமை.

சொல்லிக்கொடுக்க வந்தது அனெட். பல்கலைக்கழகத்தில் இசை படித்து முடித்து, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள். முதல் நாள் அவள் கீபோர்டைத் திறக்கவேயில்லை. எல்லோரையும் மேசையில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு விரலாகத் தூக்கச் சொன்னாள். மோதிர விரல் வந்தபோது மண்டபத்தில் ஒருவராலும் முடியவில்லை.

"நாலாம் விரல் எல்லாருக்கும் சோம்பேறிதான்" என்றாள். "அது பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழும்பும். யாரும் கவலப்படாதீங்க."

இரண்டு கையையும் ஒன்றாகக் கொண்டுவருவது இந்த வயதில் சுலபமில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வலது கை எதைச் செய்கிறதோ அதையே இடது கையும் செய்யும். ஆகவே ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேராக உட்கார வைத்தாள். ஒருவருக்கு வலது கைப் பகுதி, மற்றவருக்கு இடது கைப் பகுதி. சில மாதம் போனதும் இடம் மாறுவது, அதற்குப் பிறகு ஆளுக்கு இரண்டு கை. தனியாகப் பழகும்போது அடுத்த கைக்குரிய நேரத்தை விழுங்கிவிடக் கூடாது, இல்லாத கையை மனதில் எண்ண வேண்டும் என்பது அவளுடைய விதி.

கொறற்றிக்கு வலது கை. ரபாயேலுக்கு இடது. அக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினத்துக்குக் கோயிலில் ஒரு மாதா பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. தையல் மெஷினில் ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளித் தள்ளிப் பழகிய கை கொறற்றியுடையது, அளவு தவறாது. ரபாயேல் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தினார்.

"ஊரு பஸ்ஸயெல்லாம் பிந்துது பிந்துதுன்னு முப்பது வருசம் எழுதுனீங்க. இப்ப யாரு பிந்துறது?"

"நான் டைமுக்குத்தான் வர்றேன். நீ முந்தி எடுத்துட்ட. பிந்தி வர்றவனுக்கு ஏச்சு மட்டும்தான், முந்தி எடுக்குறவனுக்குத்தான் ஃபைன். சட்டம் தெரியாம பேசாத."

அலுவிகாரையில் அவர்களுடைய வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே மூன்றாவது. பின்னேரங்களில் இந்தச் சண்டையைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

ஜூலை மாதக் கடைசியில் அவருடைய நாலாம் விரலும் ஐந்தாம் விரலும் சொன்னபடி கேட்காமல் போயின. கட்டை அழுந்தும், சத்தம் வராது. அல்லது ஒன்றை அழுத்தப் போய் இரண்டு அழுந்தும். சனிக்கிழமை வகுப்பில் அனெட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வயதானவர்களுக்கு இது வழக்கம், பலவீனமான விரல்கள்தான் முதலில் களைக்கும் என்றாள். ஒரு பயிற்சி கொடுத்தாள். நான்கு விரல்களைக் கட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். காலையும் மாலையும்.

வீட்டில் அதை நடத்தியவள் கொறற்றி. தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்னால் பயிற்சி. முடிக்காமல் தேத்தண்ணி இல்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை ஊற வைத்தாள். எந்த விரல் என்று கண் தேடாமல் இருக்கக் கடைசியில் எண்களையும் எழுதிவிட்டாள். சில காலைகளில் கை நன்றாகவே இருந்தது. அன்றைக்கு அவர் வெற்றி பெற்றவரைப் போல மோதிர விரலை அவள் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டுவார். மாலையில் மறுபடி சோர்ந்துவிடும். ஒருநாள் கோப்பை இடது கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் உடைந்தது. பயிற்சி கூடிப்போனது என்று சொல்லிக்கொண்டே அவள் கூட்டி அள்ளினாள்.

புதன்கிழமையும் அவர் கேட்டார்.

"இன்னைக்கு விடு கொறற்றி. கை என் கை மாதிரி இல்ல."

"யாரு கை மாதிரி இருக்கு? தூக்குங்க."

தூக்கினார். சொன்ன எண்ணிக்கையை முடித்தார். மறுநாள் விடியற்காலை முகம் கழுவப் போனவர் பின்வாசல் குழாயடியில் விழுந்து கிடந்தார். இடது பக்கம் முழுவதும் பக்கவாதத்தில் போயிருந்தது. பஸீர் நானாவின் வேனில்தான் கொண்டுபோனார்கள்.

வார்டில் இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார். இதற்கு முன்னால் கை கால் மரத்துப்போனதா, பலம் குறைந்ததா, பிடித்த பொருள் கைதவறி விழுந்ததா? கொறற்றிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கட்டைகளின் மேல் படுத்துக் கிடந்த இரண்டு விரல்கள் அப்போது கண்முன் வந்தன. ஜூலைக் கடைசியிலிருந்து மூன்று கிழமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த விரல்கள். அவை என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்பது அவளுக்கு அந்த ஒரு கேள்வியில் விளங்கியது.

"நெஹெ, டொக்டர்" என்று சிங்களத்திலேயே இல்லையென்றாள்.

டொக்டர் தலையாட்டிவிட்டுப் பிரஷர் குளிசையைப் பற்றி அடுத்த கேள்விக்குப் போனார்.

பெட்டி வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றாகிவிட்டது. சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் நேரம். வகுப்பில் இருந்த எல்லோரும் அனெட்டோடு வந்திருந்தார்கள். தேவசகாயம் பழக்கத்தில் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்றபோதுதான் அது கையில் இருப்பதைக் கண்டு, வேலியோரமாகச் சாய்த்து வைத்தார். ரபாயேல் கறுப்புக் கோட்டில், வெள்ளைக் கையுறைகளில் செபமாலை சுற்றியிருக்க, யாரோ ஒரு பள்ளிக்கூட அதிபரைப் போலக் கிடந்தார்.

லக்ஷிகா வகுப்பையும் விடவில்லை. தேவசகாயத்திடம் கேட்டாள். அவர் தனக்குக் கண் சரியாகத் தெரியாது என்றார். அடுத்து அவள் அனெட்டின் பக்கம் திரும்பியதைக் கொறற்றி பார்த்தாள்.

"டீச்சர், இங்க கொஞ்சம் வாங்க. கோப்பைகள் காணல" என்றாள் சத்தமாக.

குசினியில் கோப்பைகள் வரிசையாகத்தான் இருந்தன. அனெட் கதவோரம் நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"ஆன்ட்டி, நான் ஃபோன்ல தேடிப் பார்த்தேன். அந்த விரல் விஷயம். அது..."

"தேடாத."

"லக்ஷிகா அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீ ஒண்ணும் சொல்லாத. உனக்கு இன்னும் நியமனம் வரல. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"நான்தான் ஆன்ட்டி எக்சசைஸ் குடுத்தேன்."

"குடுத்தது நீ. செய்ய வச்சது நான்" என்றாள் கொறற்றி. கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். அவை ஏற்கனவே கழுவியவை.

அதற்குப் பிறகு அனெட் யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சனம் வந்தது. பஸ் நிலையத்திலிருந்து பழைய டிரைவர்மார், கண்டக்டர்மார் கூட்டமாக வந்தார்கள். நாவுலப் பக்கம் ஓடிய ஒரு டிரைவர், தன் வாழ்நாளில் தன்னைப் பற்றி அதிகம் எழுதியவர் ரபாயேல்தான் என்றார். கூட்டம் சிரித்தது. கொறற்றியும் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து முற்றத்துக்குப் போனாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தால் அவளால் இருக்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

லக்ஷிகா சாப்பிடவில்லை. பின்னேரம் குருநாகலிலிருந்து வந்த சிநேகிதியோடு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கொறற்றி மெழுகுதிரி மாற்ற வந்தபோது மகளின் குரல் கேட்டது.

"யாருமே ஒண்ணும் பார்க்கலன்றாங்க. அப்ப நான்தான் பார்த்திருக்கணும். ஜூலைல வர்றேன், பிரஷர் பார்க்குற மெஷின் வாங்கிட்டு வர்றேன்னு சொன்னேன். டியூட்டி மாத்திக் கேக்கச் சோம்பல்பட்டு இருந்துட்டேன். ஒரு தரம் பார்த்திருந்தா எனக்கு விளங்கியிருக்கும்."

கொறற்றி மெழுகுதிரியை நிறுத்தினாள். அது சாய்ந்தது. மறுபடி நிறுத்தினாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் மகளின் தோளிலிருந்து இறங்கும் பாரம் நேரே தன் மேலும் அனெட்டின் மேலும் ஏறும் என்பது தெரிந்தது. அனெட்டை விட்டுவிட்டுச் சொல்ல வழி இருக்கிறதா என்று தேடினாள். அதற்குள் மூன்று பெண்கள் மாலையோடு உள்ளே வந்தார்கள்.

அந்த வாய்ப்பு அன்று திரும்ப வரவில்லை. அவளும் தேடிப் போகவில்லை.

திங்கட்கிழமை நிக்கினி போயா, பௌர்ணமி நாள். அலுவிகாரை விகாரைக்குப் போகிறவர்கள் விடியலிலிருந்தே வெள்ளை உடுப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். பிரதான வீதியில் வாகனங்கள் நகரவில்லை. கோயிலில் பூசை மூன்று மணிக்கு. நேரத்தோடு புறப்பட வேண்டும் என்று பஸீர் நானா காலையிலிருந்து எல்லோரையும் விரட்டினார். டைம் கீப்பர் ஒருத்தரைப் பிந்திக் கொண்டுபோனால் அவர் பெட்டிக்குள்ளிருந்தே எழுதி வைப்பார் என்றார்.

இரண்டு மணிக்கு உபதேசியார் செபம் சொல்லி முடித்தார். வீட்டார் மட்டும் கடைசியாகப் பார்க்கட்டும் என்று மற்றவர்களை வெளியே அனுப்பினார்கள். மலர்ச்சாலைக்காரர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றார்.

லக்ஷிகா குனிந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். பிறகு கையைத் தொட்டாள். துணிதான் தட்டுப்பட்டது.

"கையப் புடிக்கணும்மா" என்றாள்.

செபமாலையைத் தளர்த்தி, இடது கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள். கொறற்றி தடுக்கவில்லை. கையுறை வெளியே வந்தது. மஞ்சளாகிப்போன விரல்களில் நீல எண்கள் மங்கலாகத் தெரிந்தன. ஐந்து, நான்கு, மூன்று. நான்கு மட்டும் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான். எந்த விரல் எந்தக் கட்டைக்குன்னு."

லக்ஷிகா அந்த விரலைத் தன் விரலால் தடவினாள். அதைப் பார்த்துக்கொண்டே கொறற்றி சொன்னாள்.

"லக்ஷி, அந்தக் கடைசி ரெண்டு விரலும் சொன்னபடி கேக்கல."

மகள் நிமிரவில்லை.

"எப்ப இருந்து?"

"மூணு கிழம இருக்கும்."

"எந்நேரமுமா? வந்து வந்து போச்சா?"

"வந்து வந்து போச்சு. காலையில நல்லா இருக்கும்."

"கையில இருந்து எதும் விழுந்துச்சா?"

"ஒரு கோப்ப."

"டொக்டர் கேட்டாரா இதெல்லாம்?"

"கேட்டாரு. இல்லன்னு சொன்னேன்."

வெளியே யாரோ வேனைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். கொறற்றி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் சின்னப் புள்ள. அவ மேல ஒண்ணுமில்ல. பழகுனா சரியாப் போகும்னு நான்தான் புடிச்சுப் புடிச்சு உக்கார வச்சேன். கை என் கை மாதிரி இல்லன்னு சொன்னாரு. தூக்குங்கன்னு சொன்னேன்."

லக்ஷிகா அப்பாவின் கையை ஒரு கையால் பிடித்தபடி மற்றக் கையால் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். பெருவிரலால் மேலே மேலே தள்ளினாள். ஓர் இடத்தில் நிறுத்தி, சத்தத்தை முழுவதும் குறைத்து, அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

ஆகஸ்ட் முதல் கிழமை கொறற்றியே எடுத்து அனுப்பிய வீடியோ. ஃபோனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்து எடுத்தது. முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும். அவளுடைய வலது கை ஓடுகிறது. அவருடைய இடது கை பின்னால் வருகிறது. கடைசி இரண்டு விரல்களும் கட்டைகளின் மேல் படுத்துக் கிடக்கின்றன, மற்ற மூன்றும் அவற்றை இழுத்துக்கொண்டு நடக்கின்றன. இப்போது பார்க்கும்போது அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வீடியோவுக்குக் கீழே லக்ஷிகா அனுப்பிய பதில் இருந்தது. சிரிக்கும் முகங்கள் ஒரு வரிசை. அப்பா பஸ்ஸ விட்டுட்டார்.

"டியூட்டி ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன்" என்றாள் லக்ஷிகா. "நாலஞ்சு நர்ஸ் இருந்தோம். எல்லாரும் சிரிச்சோம்."

வீடியோ முடிந்து தானாகவே மறுபடி தொடங்கியது. அவள் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மலர்ச்சாலைக்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

கையுறையை மறுபடி போடுவது சுலபமாக இருக்கவில்லை. விரல்கள் வளைய மறுத்தன. மற்றவை உள்ளே போய்விட்டன. நாலாம் விரல் மட்டும் தன் இடத்துக்குப் போகாமல் ஐந்தாம் விரலின் உறைக்குள்ளேயே போய்ப் போய் நின்றது. லக்ஷிகா இரண்டு தரம் முயன்றாள். கொறற்றி சுற்றிப் பெட்டியின் இடப்பக்கம் வந்தாள். சட்டைக் கையைத் திருப்புகிறவளைப் போல இரண்டு விரல்களால் கையுறையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"இப்ப தள்ளு."

லக்ஷிகா தள்ளினாள். விரல் உள்ளே போனது. செபமாலையைப் பழையபடி சுற்றினார்கள்.

"சரி அண்ணே" என்றாள் லக்ஷிகா வாசலைப் பார்த்து. மலர்ச்சாலைக்காரர் வந்து மூடியை எடுத்தார்.

பெட்டி வீதிக்கு வந்தபோது விகாரைப் பக்கமிருந்து வந்த வாகன வரிசை அசையாமல் நின்றது. ஒரு பொலிஸ்காரர் வழி எடுத்துக் கொடுத்தார். வெள்ளை உடுப்பில் நடந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள், சிலர் குடையைச் சுருக்கினார்கள். தாயும் மகளும் வேனில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். லக்ஷிகா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வழியில் ஒருதரம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பாதி குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். பஸீர் நானா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, பிந்திப்போச்சு, பிந்திப்போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயில் வாசலில் அனெட் காத்திருந்தாள். கையில் பாட்டுத் தாள். லக்ஷிகா அவளைக் கடந்து உள்ளே போகும்போது ஒரு கணம் நின்று, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அனெட் கொறற்றியைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்" என்றாள் கொறற்றி.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கையுறைய மாட்டிவிட்டா."

அனெட் தாளை மடித்தாள், பிரித்தாள். பூசையில் நன்மை வாங்கும் நேரத்துக்கு அந்த மாதா பாட்டையே வைத்திருப்பதாகச் சொன்னாள். ஆன்ட்டிக்கு விருப்பமென்றால் வலது கையை வாசிக்கலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை வாசிக்கிறேன் என்றாள்.

"ரெண்டு கையும் நீயே வாசி" என்றாள் கொறற்றி.

மூன்று மணிக்கு அறிவித்திருந்த பூசை மூன்றரைக்குத் தொடங்கியது. கொறற்றி முன் வாங்கில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு நாளாக ஓரிடத்தில் தரிக்காதவள் பூசை முழுவதும் அசையவில்லை. நன்மை கொடுக்கும்போது அனெட் வாசித்தாள். சனம் பாடியது. தேவசகாயம் வாங்கின் விளிம்பில் விரல்களை வைத்துச் சத்தமில்லாமல் கூடவே வாசித்தார். கொறற்றி பாடவில்லை. வலது கைப் பகுதி அவளுக்கு நன்றாகத் தெரியும், அதை விட்டுவிட்டு அடியில் போன மற்றதை மட்டும் கேட்டாள். பாட்டு மூன்று சரணமும் முடிந்தது. இடது கை ஓரிடத்திலும் பிந்தவில்லை.

ஐந்து மணிக்கு முன்னால் ரபாயேலைச் சவக்காலையில் அடக்கம் செய்தார்கள்.